பேரன் பெயர்

வெள்ளையன் என்ற எலியின் குடும்பம் வயலோரத்து வளையில் நெல் சேர்த்து வியாபாரம் செய்துவந்தது. வாசல் காவல் மருமகள் செவத்தியின் பொறுப்பு. உள்ளே வருபவர்கள் அவளுடைய மூத்த மகன் பவுனுவின் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டு மாப்பிள்ளைகளோ அதை வரப்பிலிருந்தே கத்திக்கொண்டு வருவார்கள்.

"மாமா, அந்தச் சொல்லை மாத்திடலாம். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள் செவத்தி.

"நம்ம ஆளுங்களையே சந்தேகப்படுறியாம்மா? மாப்பிள்ளைங்க கோவிச்சுக்குவாங்க," என்றார் வெள்ளையன்.

ஒரு மழைநாளில் வெளியே கரகரத்த குரல் கேட்டது. "பவுனு! நான் சின்ன மாப்பிள்ளை. தொண்டை கட்டியிருக்கு."

"முகத்தைக் காட்டுங்க," என்றாள் செவத்தி.

"மாப்பிள்ளையை மழையில நிக்க வைக்கிறதா?" என்று வெள்ளையனே ஓடிவந்து வாசலைத் திறந்தார். உள்ளே வந்தது பாம்பு.

தப்பித்தவர்கள் வேறு வளை தோண்டினார்கள். பவுனு தப்பவில்லை. செவத்தி கைக்குழந்தையை இறுக்கி அணைத்தபடி புது வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த வெள்ளையன் அருகில் வந்தார்.

"இனிமே சின்னவன் பேரை வச்சுக்கலாம்மா. எல்லாருக்கும் சுலபமா ஞாபகம் இருக்கும்."

வெளியே மாப்பிள்ளைகள் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பழக ஆரம்பித்திருந்தார்கள்.