கல்லின் மேல் மார்னி

குளியலறையின் மங்கல் கண்ணாடி வழியே மாலை வெயில் பாலாக இறங்குகிறது. பத்து வருடமாக ஆடிக்கொண்டிருந்த வாஷ்பேசின் மேடைக் கல்லைத் தூக்கி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி உட்காரவைத்துவிட்டான் டேரில், மார்னியைப் பிரிந்து போகும் கணவன். அது பிடிக்க மேலே பாரம் வேண்டும். வீட்டில் கனமாக இருந்ததெல்லாம் பாதி அவனுடைய புது வீட்டுக்கும் பாதி அவளுடையதுக்கும் போய்விட்டதால், மார்னியே ஏறி உட்கார்ந்திருக்கிறாள். "ஆடாம உக்காரு. நாளைக்கு வீடு வாங்க வர்றவங்க முதல்ல இதைத்தான் அமுக்கிப் பாப்பாங்க." "பத்து வருஷமா நான் கத்துனது காதுல விழல, விக்கப்போறப்ப விழுதாக்கும்!" அவன் சிரித்தபடி, பிதுங்கிய பசையை ஈரவிரலால் வழிக்கிறான். விரல் அவள் முழங்காலைத் தொடாமல் ஓரங்குலம் தள்ளிப் போகிறது. வெளியே சுப்பீரியர் ஏரியில் கப்பலொன்று நீளமாக ஊதுகிறது. அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்கிறான். குழாய் சொட்டுகிறது, வெயில் தரை ஓடுகளில் மஞ்சளாகி, சிவந்து, அவள் தொங்கும் பாதங்களை விட்டு நழுவுகிறது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மார்னி கல்லின் விளிம்பை இரு கையாலும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கிறாள். மலைபோல் நிற்கிறது. "பிடிச்சிடுச்சா?" என்கிறான் டேரில், தலை நிமிராமல். "இல்ல," என்கிறாள், "இன்னும் ஆடுது."