அண்ணியின் உள்ளங்கால்

"அண்ணியைக் கொன்னது கதை இல்லை மேடம், சினிமா! அந்த நடிகைக்குப் பெரிய படம் கிடைச்சுது, விட்டுட்டுப் போயிட்டாங்க. என்ன பந்தயம்?" என்றாள் ரேடியோ.

வாய் மூடாததால் சலவைக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர். அவளும் அவள் அம்மாவும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வை பார்க்கும் மேடம் வேலையில் கறார். ஆனால் அண்ணி வரும் இந்த டிவி தொடர் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளை ஆகிவிடுவார். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தொடர் அது. இப்போது மதியத்தில் மறுபடி போடுகிறார்கள். முகமெல்லாம் கட்டோடு மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்த அண்ணி, இதோ கண் விழிப்பாள் என்று எல்லாரும் காத்திருந்தபோது நேற்று பொசுக்கென்று செத்துவிட்டாள். ஏன் சாகடித்தார் என்று இயக்குநரே இன்று டிவியில் சொல்லப்போகிறார்.

"கதையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். நான் சொல்றது தப்புன்னா ஒரு வாரம் ஈரத்துணி வண்டியை நான் தள்றேன். நீ தோத்தா நீ தள்ளு," என்றார் மேடம்.

"சரி!"

அம்மா விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். மேடம் நகர்ந்ததும் பல்லைக் கடித்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி? மூணு மாசம், நெனப்பு இருக்கா?"

ரேடியோவின் கை நின்றது. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருடம் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். சொல்லவும் முடியாது. ஈரத்துணி வண்டியோ இரண்டு ஆண்பிள்ளைகள் தள்ளினாலும் முக்கவைக்கும்.

"ஜெயிச்சுடுவேம்மா," என்றாள், கொஞ்சம் இறங்கிய குரலில்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் டிவியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் வழக்கம்போல அதற்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டாள்.

"ஒரு விஷயம் கவனிச்சீங்களா?" என்றார் மேடம். "புருஷன் முள் எடுக்கிற காட்சியில அண்ணியோட உள்ளங்கால் வழவழன்னு இருக்கும். ஆஸ்பத்திரியில அதே கால்ல இவ்வளவு நீளத் தழும்பு! எட்டாவது படிக்கும்போதே நான் கண்டுபிடிச்சு டிவிக்குக் கடிதம் போட்டேன்."

"உங்க கடிதத்தைப் பார்த்துப் பயந்துதான் கொன்னுட்டாங்களோ என்னவோ," என்றார் இஸ்திரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவைத் தவிர.

இயக்குநர் வந்தார். தலை முழுக்க நரை. "கதைக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த நடிகை கடைசிக் காட்சி வரைக்கும் அந்தக் கட்டில்ல படுத்திருந்தாங்க. ஒருநாள்கூட வராம இருந்ததில்லை. என்ன ஒரு ஈடுபாடு!"

மேடம் கைதட்டினார். "எழுந்திரு ரேடியோ, வண்டி காத்துக்கிட்டிருக்கு!" பிறகு முகத்தைச் சுருக்கினார். "ஆனா அந்தத் தழும்பு? அதை ஒருத்தனும் கேக்கலையே!"

"வண்டியை நான் தள்றேன் மேடம்," என்றாள் அம்மா.

"பந்தயம் கட்டினது அவதானே?"

ரேடியோ போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். வண்டி நிறைய, தண்ணீர் சொட்டும் விரிப்புகள். காலை ஊன்றி மூச்சைப் பிடித்தாள்.

"நில்லுடி," என்றாள் அம்மா. "அந்த ஆளு பொய் சொல்றாரு."

எல்லாரும் திரும்பினார்கள். இந்தத் தொடரைப் பற்றி அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"நடிகை சினிமாவுக்குத்தான் போனாங்க. ஆறு மாசத்துல திரும்பி வந்ததும் அண்ணி கண் விழிக்கிறதா ஏற்பாடு. அதுவரைக்கும் தினக்கூலிக்கு ஒருத்தியப் படுக்கவெச்சாங்க. மூஞ்சியில கட்டு. அசையக் கூடாது, தும்மக் கூடாது. முகம் தெரியக் கூடாதுன்னு கால் பக்கமிருந்தே படம் எடுத்தாங்க."

"அப்புறம்?" மேடத்தின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"படுத்திருந்தவளுக்கு வயிறு தெரிய ஆரம்பிச்சுது. போர்வையைத் தூக்கிக்கிட்டு நின்னுது."

"வேற ஒருத்தியப் படுக்கவெச்சா போச்சு!" என்றார் இஸ்திரிக்காரர்.

"எப்படி வெப்பாங்க? தழும்பு, தழும்புன்னு மூட்டை மூட்டையா கடிதம் வந்துச்சு. இயக்குநருக்கும் ஒரே குஷி. தினம் அந்தக் காலையே பெருசா காட்டினாரு. இனிமே காலை மாத்தினா ஊரே கண்டுபிடிச்சுடும். அதனால அண்ணியைக் கொன்னுட்டு, படுத்திருந்தவளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெளிய வாயத் திறந்தா எங்கேயும் வேலை கிடைக்காதுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

"நல்லாத்தான் கதை விடறீங்க," என்றார் மேடம். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். வலது காலின் ரப்பர் பூட்ஸை இழுத்துக் கழற்றினாள். ஈரத்தில் ஊறி வெளுத்திருந்த உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாள். குதிகாலிலிருந்து விரல் வரை நீளமாக ஓடியது தழும்பு.

"அன்னிக்கு அந்த வயித்துல இருந்தவதான் இப்ப உங்க வண்டியைத் தள்ள நிக்கிறா மேடம். அவளுக்கும் இது மூணாவது மாசம்."

மேடம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு, ரேடியோவிடமிருந்து கைப்பிடியை வாங்கி, முக்கிக்கொண்டே வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.