ஒற்றைச் செருப்பு

“களவெடுக்கிறவன் சோடியா எடுக்கமாட்டானோ? ஒரு கால் செருப்பை வைச்சு என்ன செய்யப்போறான்?”

மலையடிவாரத்து த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில், செருப்புத் தட்டுக்கு முன்னால் நின்று இந்திரகுமார் கத்திக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி நிலத்தில் இழுபட்டது. கையில் இடக்கால் செருப்பு. பட்டி வைத்து இறுக்கி ஒட்டுகிற புதுச்செருப்பு. போன கிழமைதான் மனைவி இரஞ்சிதம் வாங்கிக் கொடுத்தாள்.

கோயில் தொண்டுக்கு நின்ற சுபாங்கன் மூன்றாம் தடவையாகத் தட்டுகளைக் கிளறினான். “நரியாயிருக்கும் அங்கிள். மலையில இருந்து வரும். போன மாதம் ஒரு அன்ரியின்ர சப்பாத்தில ஒண்டைக் கொண்டு போட்டுது.”

“நரிக்கு என்ர செருப்புத்தான் கிடைச்சதோ?”

“அது அளவு பாத்து எடுக்காது அங்கிள்.”

இரஞ்சிதம் சிரிப்பை அடக்கினாள். “விடுங்கோப்பா. சுத்திக் கும்பிடேக்கையே என்ர கால் விறைச்சுப் போச்சு. நிலம் ஐஸ்கட்டி மாதிரிக் கிடக்கு.”

“எனக்கு ஒண்டும் குளிரேல்லை. உனக்கு எங்க வந்தாலும் ஒரு முறைப்பாடு.”

உண்மையில் இன்றைக்கு அவர் சந்தோசமாக இருக்கவேண்டிய நாள். மூன்று வருடமாக அவர் இரத்தத்தில் ஒரு புற்றுநோய். மெல்ல வளருகிற வகை; இப்போதைக்கு மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். அபூர்வமாகச் சிலருக்கு அது நரம்பையும் பிடிக்குமாம். அதனால் போகும்போதெல்லாம் கைகால் உணர்ச்சி எப்படி என்று கேட்பார். நல்லாயிருக்கு என்பார் இந்திரகுமார்.

நோய் என்று கேள்விப்பட்டதும் வெயார்ஹவுஸ் சூப்பர்வைசர் அவரை இரண்டு மாதம் வீட்டில் குந்தவைத்துவிட்டான். டொக்டரின் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது: பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம். திங்கட்கிழமை வேலை. அதற்குத்தான் இந்த அர்ச்சனை.

காலையில் காரில் வரும்போதும் இரஞ்சிதம் கேட்டாள். “டொக்டரிட்ட ஒண்டும் மறைக்கேல்லைத்தானே?”

“ஓம், ஓம். இனி அந்தக் கதையை விடு.”

இப்போது அவர் இடக்கால் செருப்பைத் தட்டுக்குள் எறிந்தார். “இதையும் நரிக்கே குடு. வெறுங்காலோட கார் ஓட்டுறன்.” வேட்டியை மடித்துக் கட்டி, கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு விறுவிறென்று படியில் இறங்கினார்.

சுபாங்கன் கிளறுவதை நிறுத்திவிட்டு இரஞ்சிதத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஓடிப்போய் அவரை மறித்தாள். அவருக்கு முன்னால் குந்தி, வலக்கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளினாள். அவர் இன்னும் நரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

இரஞ்சிதம் எழுந்து கையை நீட்டினாள்.

“கார்த் திறப்பைத் தாங்கோ, செருப்பு உங்கட காலிலதான் கிடக்கு.”