ஒரே ஓனர் வண்டி

பழைய கார் கடைக்குள் நுழைந்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. முதல் வண்டியில் கால் மிதிக்கிற விரிப்பைத் தூக்கினால் சேற்று நாற்றம். இரண்டாவதில் துருவின் மேலேயே பெயின்ட் அடித்து வைத்திருந்தான். வாரத்தில் மூன்று நாள் என் மனைவியை டயாலிசிசுக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ் படி ஏற அவளால் முடியாது. கையில் இருப்பதோ சொற்பப் பணம். இந்தத் திருட்டுப் பயல்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

“அப்போ அந்தப் பச்சை வண்டியைப் பாருங்க பெரியவரே,” என்றான் கடைக்காரன்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

“மூணாவது கியர் முரண்டு பிடிக்குமே?”

“ஓட்டாமலே சொல்லிட்டீங்களே! பலே ஆளுதான். மத்தபடி தங்கமான வண்டி. ஒரே ஓனர்.”

“அந்த ஆள் எங்கே?”

“போய்ச் சேர்ந்துட்டாரு. மாரடைப்பு. மகன்தான் கொண்டாந்தான். அப்பாவை அடக்கம் பண்ணக்கூடக் காசில்லைன்னு தேம்பித் தேம்பி அழுதான். மனசு கேக்கல, கேட்டதைக் கொடுத்துட்டேன்.”

“நல்லா விசாரிச்சியா?”

“பெத்த அப்பன் சாவுல யாராச்சும் பொய் சொல்வாங்களா?”

காறித் துப்பினேன்.

“ஏன் பெரியவரே, வண்டி பிடிக்கலையா?”

“வண்டியில ஒரு குறையும் இல்ல. லாரியில மோதி நொறுங்கிடுச்சு, எடைக்குப் போட்டுட்டேன்னு போன மாசம் எங்கிட்ட அழுத என் பயல்தான் உங்கிட்டயும் வந்து அழுதிருக்கான். செத்துப்போன ஓனர் நான்தான். சாவியை எடு, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு.”