ம்ம்ம்

ராஜபாளையத்துத் தேவாலய ஸ்பீக்கர்களில் வருடக்கணக்காக ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். மைக்செட் பார்க்கும் பெலிக்ஸ் ஸ்டெபிலைசரை மாற்றினான், ஒயர்களை மாற்றினான். கடைசியில் முதுகு ஒடியக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிப் புதிதாக எர்த் போட்டான். சனிக்கிழமை இரைச்சல் அடியோடு நின்றது.

ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. ஆராதனை முடிந்ததும் பாட்டு நடத்தும் ஹெப்சிபா நேராக அவனிடம் வந்தாள்.

“ஏலே, அந்த ம்ம்ம் எங்கல?”

“நிப்பாட்டிட்டேன்க்கா. மூணு மாசம் பட்ட பாடு.”

“பாவிப்பயலே! கீபோர்டு வாசிச்ச ஆஸ்டின் சென்னைக்குப் போனதுலருந்து, நாங்க அதைக் கேட்டுத்தானல சுருதி பிடிக்கோம்!”

பெலிக்ஸ் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, எர்த் ஒயரைக் கழற்ற நடந்தான்.