நன்றி: இணையம்

“இந்தப் படம் யார் எடுத்தது சார்?”

“நெட்ல கிடைச்சதும்மா. ‘நன்றி: இணையம்’னு போட்டுட்டு அடுத்த வேலையைப் பாரு,” என்றார் இணைய இதழின் ஆசிரியர்.

ஆவிகளைப் பற்றிய கட்டுரை. நாலு மணிக்கு ஏற்ற வேண்டும். படத்தில் பாதி திறந்த கதவு. அதைப் பிடித்தபடி ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. நமக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல, நம் தோளைத் தாண்டிப் போகிற பார்வை.

உதவி ஆசிரியைக்கு மனசு கேட்கவில்லை. படத்தைத் தேடலில் போட்டுப் பார்த்தாள்.

பதினோரு இடத்தில் வந்தது. ஒன்றில் அவள் கணவன் கையால் செத்தவள். இன்னொன்றில் வெள்ளத்தோடு போனவள். ஒரு யூடியூப் சேனலில், பூட்டிய பங்களாவில் உலவுகிறவள். அதே கதவு, அதே கண். எல்லாவற்றுக்கும் கீழே ‘நன்றி: இணையம்’.

“ஒரே பொம்பளை பதினோரு தடவை செத்திருக்கா சார்.”

“பன்னிரண்டாவது தடவை நம்மகிட்ட சாகட்டும்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

அவள் விடவில்லை. தேடித் தேடிக் கடைசியில் படம் முதலில் ஏறிய பக்கம் அகப்பட்டது. ‘யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் பெயரை மட்டும் எழுத்து மாறாமல் போட வேண்டும்.’

எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘அவர் இப்போது இல்லை’ என்று இருந்தது.

அந்தப் பக்கத்திலேயே இருந்த போன் நம்பரைக் கூப்பிட்டாள்.

“அந்தக் கதவுப் படம் விஷயமா பேசணும். எடுத்தவர் காலமாயிட்டாரா?”

“எடுத்தவர்தான் பேசறேன்,” என்றது ஒரு பெண் குரல். “நேர்ல வாங்க. கதவு திறந்துதான் இருக்கும்.”

மறு நிமிடம் விலாசம் மெசேஜில் வந்தது. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினாள்.

மூன்றாவது மாடி. வரிசையாகப் பூட்டிய வீடுகள். கடைசி வீடு மட்டும் பாதி திறந்திருந்தது. மணியடிக்கக் கை தூக்குவதற்குள் அந்தப் படமே வந்து எதிரில் நின்றது. அதே மாதிரி கதவைப் பிடித்திருந்தாள். தலை மட்டும் நரைத்திருந்தது. கண் இவள் தோளைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது.

இவளும் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“நீங்க மட்டும்தான் வந்தீங்களா?”

“ஆமாம்மா. உங்களை எங்கெங்கேயோ பேயாப் போட்டு வெச்சிருக்காங்க.”

“பார்த்தேன். எடுத்தவர் பேர் போட்டிருந்தாங்களா?”

“இல்லை. அது பேர் மாதிரியும் இல்லையே.”

அந்த அம்மாள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“போனை ஸ்டூல் மேல நிறுத்தி நானே எடுத்தேன். என் பையன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷமாச்சு. அவனுக்கும் அவங்க அப்பாவுக்கும் ஒத்துக்கலை. ‘அவர் இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்’னுட்டுப் போனான். அவர் போய்ச் சேர்ந்தே மூணு வருஷமாச்சு. பையன் எங்க இருக்கான்னு தெரியலை, யார்கிட்ட சொல்லி அனுப்பறது? எந்நேரமும் போனும் கையுமா இருக்கறவன். அதான் பேர் போடற இடத்துல அப்படி எழுதினேன். எங்கயாவது அவன் கண்ணுல படாதா?”

“எங்க கட்டுரையும் ஆவிகளைப் பத்தித்தாம்மா. வேண்டாம்னா சொல்லுங்க.”

“பேயாவே போட்டுக்கோ கண்ணு. நிறைய பேர் பார்ப்பாங்கதானே? அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடாத.”

ஆபீசுக்குத் திரும்பி ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு மணிக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். படத்துக்குக் கீழே, ‘படம்: அவர் இப்போது இல்லை.’

ஆசிரியர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“இது எவன் கண்ணுக்கும் தெரியாதும்மா,” என்றார். “எழுத்தைப் பெரிசாக்கு. தலைப்பை விடப் பெரிசா.”