துரையின் வயிற்றில் தங்கம்

ராசமலர் தன் தோட்டைத் தானே களவெடுத்துவிட்டு, பழியைச் சேவலின் தலையில் போட்டாள்.

சேவலுக்குப் பெயர் துரை. புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பிராண்டே ஊரில், வீட்டின் பின்வளவில், அவள் புருசன் சிறீஸ்கந்தராசா குஞ்சாக வாங்கிப் பிள்ளை மாதிரி வளர்த்த சேவல். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால் மனுசன் தேத்தண்ணி கேட்கமாட்டார், துரை சாப்பிட்டதா என்றுதான் கேட்பார். அதனால்தான் அவள் துரையைப் பிடித்தாள். வேறு யார் மேல் பழி போட்டாலும் மனுசன் பொலிசுக்குப் போவார். துரை என்றால் ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுவார்.

"யன்னல் கட்டில கழட்டி வைச்சனான். துரை கொத்தி விழுங்கிட்டுது."

"ரெண்டையுமோ?"

"ஓம். முதலாவது ருசியா இருந்திருக்கும்."

சும்மா சொன்ன பொய்யில்லை. ஊரில் யுத்தம் முடிந்து ஐந்து மாதமாகியும் அவள் தம்பி பாலேந்திரா வவுனியா முகாமில் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தான். ஆள் பிடித்துக் காசு கொடுத்தால் வெளியே எடுக்கலாம் என்றார்கள். புருசனிடம் எப்படிக் கேட்பது? அந்த வீட்டில் பாலேந்திராவின் பெயரையே எடுக்கக்கூடாது. கலியாணத்தன்று தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவியவன் அவன். கழுவிய தோழனுக்கு வழக்கப்படி மாப்பிள்ளை மோதிரம் போட்டார். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மெலிசாக் கிடக்கு, அத்தான்" என்று சபை நடுவே சொல்லிவிட்டான். பதினேழு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே ராசமலர் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரகசியம் கதைத்தாள். அவளுடைய ரகசியம் மூன்றாம் வீடு வரைக்கும் கேட்கும், அது வேறு விசயம். தோடு இரண்டும் பக்கத்துத் தெரு மேரிசெலினின் கைக்குப் போயின. மேரிசெலின் வியாழக்கிழமை கொழும்புக்குப் பறக்க இருந்தாள்.

"அங்கை வித்து, தம்பியின்ர அலுவலுக்குக் குடுக்கிறன். உன்ர மனுசனிட்ட மூச்சும் விடமாட்டன்" என்று மாதா மேல் சத்தியம் செய்தாள்.

வியாழன் காலை அவளை விமான நிலையத்தில் இறக்கிவிடச் சிறீஸ்கந்தராசா தானாகவே முன்வந்தார். சாதாரணமாக ஒருவரையும் காரில் ஏற்றாத மனுசன். ராசமலர் கார் வரைக்கும் பின்னாலேயே போனாள். வழியில் மேரிசெலின் வாய்விட்டால்? ஆனால் மனுசன் திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வெறும் விரலைத் தூக்கிக் காட்டியபடி உள்ளே வந்தார்.

"தீன் போடேக்கை கலியாண மோதிரம் கழண்டு விழுந்திட்டுது. துரை விழுங்கிப்போட்டுது."

ராசமலர் கதிரையில் தொப்பென்று இருந்தாள். ஐயோ, தான் வாயால் சொன்னதை இந்தச் சேவல் உண்மையாகவே செய்து காட்டிவிட்டதே. இந்தக் கெட்ட பழக்கத்தை அதற்குப் பழக்கியதே தான்தான் என்று அவளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து துரைக்கு வைத்தியம் தொடங்கியது. "உன்ர தோடு வரவேணும்" என்று சொல்லிச் சொல்லி அவர் காலையில் ஆமணக்கெண்ணெயில் தோய்த்த பாண் தீத்தினார். பாவம் மனுசன், இல்லாத தோட்டுக்கு இவ்வளவு பாடுபடுகிறார் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில், மோதிரமாவது வரட்டும் என்று அவள் பின்னேரம் ஒளித்து ஒளித்துத் தயிரும் பப்பாசிப் பழமும் தீத்தினாள். எச்சத்தை இருவரும் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். ஒருநாள் குனிந்த இடத்தில் தலையோடு தலை முட்டி, அவளுக்கு நெற்றி புடைத்துவிட்டது.

பத்தாம் நாள் விடிய துரை கூவவில்லை. கழுத்தடித் தீன்பை பந்து மாதிரி வீங்கி, வாயில் புளித்த மா மணத்தது. துவாயில் சுற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார்கள். மடியில் துவண்டு கிடந்த சேவலைப் பார்க்கப் பார்க்க ராசமலருக்கு அழுகையே வந்துவிட்டது.

டொக்டர் அம்மா எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். துரையின் வயிற்றில் நாலைந்து சின்னக் கல் இருந்தது. தங்கம் ஒரு பொட்டும் இல்லை.

"யார் இதற்குப் பாணும் தயிரும் எண்ணெயும் கொடுத்தது?" என்று டொக்டர் கேட்டார். "தீன்பை புளித்துப்போயிருக்கிறது. ஆள் தப்பிவிடும். ஆனால் இனிமேல் தானியமும் தண்ணீரும் மட்டும்."

ராசமலர் புருசனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"வெளியில போயிருக்கும்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

காரில் துரை அவள் மடியில் கிடந்தது. தோடு அங்கே இல்லாதது அவளுக்குத் தெரிந்ததுதான். மோதிரம் எங்கே? பதினேழு வருடம் கழட்டாத மோதிரத்தை மனுசன் யாருக்குக் கொடுத்தார்? கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் அவர் தோட்டைக் கேட்பார். துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழையவும் போன் அடித்தது. பாலேந்திரா. நேற்றே வெளியே வந்துவிட்டானாம், வவுனியா டவுனில் நிற்கிறானாம். ராசமலர் சிரித்தாள், அழுதாள், பிறகு நினைவு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மெல்லக் கதையடா. அத்தான் பக்கத்தில நிக்கிறார்."

"ஏன் மெல்ல? உன்ர தோடு மட்டும் எண்டால் காசு போதாமல் போயிருக்கும், அக்கா" என்று அவன் சிரித்தான். "அத்தானிட்டச் சொல்லு, மேரிசெலினக்காவிட்டக் குடுத்துவிட்ட மோதிரம் இந்த முறை மெலிசில்லையெண்டு."